தறிகள் நின்ற ஊர்

வேலை நிமித்தமாகப் போலந்தின் வூச் நகரத்துக்குக் குடிவந்து சில வருடங்கள் ஆகின்றன. நம் வரைபடங்களில் லோட்ஸ் என்று போட்டிருக்கும். வார்சாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. நான் கோயம்புத்தூர்க்காரன். ஆலைச் சங்கு, லைன் வீடு, நைட் ஷிப்ட் என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில் அன்றாடம் புழங்கியவை. அதனால் ‘போலந்தின் மான்செஸ்டர்’ என்று இந்த ஊரை யாரோ அறிமுகப்படுத்தியபோது மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கிருந்த பஞ்சாலைகளில் ஒன்று இன்று வணிக வளாகம். ஒன்று நட்சத்திர ஓட்டல். இன்னொன்று வடிவமைப்பாளர்களும் உணவகங்களும் நிறைந்த முற்றம். பழைய மின் நிலையத்தில் கோளரங்கம் இயங்குகிறது. சோஷலிச ஆட்சி போன பிறகு பாழடைந்து கிடந்த தொழிற்சாலைகளைக் கலையும் படைப்பாற்றலும் மீட்டெடுத்தன என்பதற்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் வூச்சைத்தான் காட்டுகிறார்கள். காட்டட்டும், தகுதியான ஊர்தான். ஆனால் அந்தக் கதையில் ஆலை அதிபர் வருகிறார், கட்டடக் கலைஞர் வருகிறார், முதலீட்டாளர் வருகிறார். ஆலைக்குள் மூன்று ஷிப்ட்களிலும் நின்று வேலை செய்த பெண்கள் மட்டும் வருவதில்லை. அந்தக் குறைதான் என்னை இதை எழுத வைத்தது.

1820இல் இது எண்ணூறு பேர்கூட இல்லாத சிற்றூர். ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்து அரசு அந்த ஆண்டு இதைத் தொழில் நகரமாக அறிவித்து, நெசவாளர்களுக்கு நிலமும் சலுகையும் கொடுத்து வரவழைத்தது. முதல் உலகப் போர் தொடங்கும்போது இங்கே கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். போலந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், யூதர்கள், ரஷ்யர்கள் என்று நான்கு சமூகங்கள் சேர்ந்து கட்டிய ஊர் இது. யூதரான இஸ்ரேல் போஸ்னான்ஸ்கியும் ஜெர்மானியரான கார்ல் ஷைப்லரும் ஆளுக்கொரு பஞ்சு சாம்ராஜ்யம் நடத்தினார்கள். நூற்பாலை, நெசவாலை, சாயப்பட்டறை, தொழிலாளர் குடியிருப்பு, முதலாளியின் மாளிகை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஊரில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களை நாஜிகள் கெட்டோ என்ற அடைப்புப் பகுதிக்குள் அடைத்து, அங்கேயும் ராணுவத்துக்குத் துணி தைக்க வைத்து, பிறகு கொன்றார்கள். இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் செங்கல் சுவர்களைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

போருக்குப் பிறகு ஆலைகள் அரசுடைமையாயின. போஸ்னான்ஸ்கியின் ஆலைக்கு மார்க்லெவ்ஸ்கி என்ற கம்யூனிஸ்டின் பெயர் வந்தது. ஷைப்லரின் ஆலை ‘அமைதிக் காவலர்கள்’ ஆலையானது. பெயர்ப்பலகை மாறினாலும் இயந்திரங்களில் பல பழையவைதான். நூற்பிலும் நெசவிலும் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1989இல் சோஷலிச ஆட்சி போன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இங்கே நெய்த துணியில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்தை 1991இல் அறுந்து விழுந்தது. கடன் வட்டி ஏறியது, மலிவான இறக்குமதித் துணி உள்ளே வந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எண்பதுகளின் கடைசியில் எட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை இன்று ஆறரை லட்சம் அளவில் இருக்கிறது. நிலக்கரிப் பகுதியான சிலேசியாவில் சுரங்கங்களை மூடியபோது விலகிய தொழிலாளர்களுக்கு அரசு கணிசமான இழப்பீட்டுத் தொகை கொடுத்தது. வூச்சின் பெண்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. சுரங்கத் தொழிலாளிகள் தலைநகருக்குத் திரண்டு போனால் அரசு நடுங்கும். நெசவாலைப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள் என்று இங்கே சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இந்தப் பெண்கள் அரசை நடுங்க வைத்தவர்கள்தான். அதற்கு வருகிறேன்.

போஸ்னான்ஸ்கியின் ஆலை இருந்த 27 ஹெக்டேர் நிலத்தில் 2006 மே மாதம் மனுஃபக்தூரா என்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்று எடுத்துச் செய்தது. பூச்சில்லாத செங்கல் கட்டடங்களைச் சுத்தம் செய்து, நடுவில் மூன்று ஹெக்டேர் அளவுக்குச் சதுக்கம் விட்டு, திரையரங்கு, கடைகள், உணவகங்கள் என்று அமைத்தார்கள். 1878இல் கட்டிய நூற்பாலையில் 2009இல் ஓட்டல் வந்தது. பஞ்சாலையில் தீ என்பது எப்போதும் தலைக்கு மேல் தொங்கும் அபாயம். அதற்காக மாடியில் பெரிய வார்ப்பிரும்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டிதான் இப்போது ஓட்டலின் நீச்சல் குளம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மேலே நீந்திக்கொண்டே ஊரைப் பார்க்கலாம்.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. மனுஃபக்தூரா வந்திராவிட்டால் அந்தக் கட்டடங்களில் பாதி இன்று நின்றிருக்காது. வாரக்கடைசியில் பாட்டிகளும் பேரக்குழந்தைகளும் காசு செலவழிக்காமல் அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஊருக்கு அப்படி ஓர் இடம் வேண்டும். என் வருத்தம் வேறு. ஒக்ரோதோவா தெருவில் ஆலையின் பெரிய வளைவு வாசலுக்கு நேர் எதிரே, அதே போஸ்னான்ஸ்கி தொழிலாளர்களுக்காகக் கட்டிய செங்கல் குடியிருப்புகள் இருக்கின்றன. நாங்கள் லைன் வீடு என்போமே, அதன் பல மாடி வடிவம். வாசலுக்கு உள்ளே கோடிக்கணக்கில் முதலீடு கொட்டியபோது, வாசலுக்கு வெளியே அந்த வீடுகள் பல ஆண்டுகள் பராமரிப்பில்லாமல் கிடந்தன. இந்த ஊரின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுக்குள் கழிப்பறைகூட கிடையாது. ஆலையைக் காப்பாற்றுகிறோம் என்று கணக்குப் போட்டவர்கள் ஆலைக்கு வேலைக்குப் போனவர்களின் வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மனுஃபக்தூராவின் ஒரு மூலையில், பழைய நெசவுக் கூடத்தில், எம்எஸ்2 என்ற நவீன கலை அருங்காட்சியகம் 2008இல் திறக்கப்பட்டது. வூச் கலை அருங்காட்சியகத்தின் கிளை அது. கலையை இங்கே புதிதாகக் கொண்டுவந்து நட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய நவீன கலைப் பொதுச் சேகரிப்புகளில் ஒன்று ஆலைகள் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இங்கே உருவானது. விளாடிஸ்வாவ் ஸ்ட்ஷெமின்ஸ்கி முதல் உலகப் போரில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்த ஓவியர். அவர் மனைவி காதர்ஷினா கோப்ரோ சிற்பி. இவர்களும் இன்னும் சில ஓவியர்களும் கவிஞர்களும் சேர்ந்து, பாரிஸிலும் மற்ற நகரங்களிலும் இருந்த கலைஞர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டுப் படைப்புகளை நன்கொடையாக வாங்கினார்கள். லெஜே, ஆர்ப், எர்ன்ஸ்ட், ஷ்விட்டர்ஸ் எல்லோரும் கொடுத்தார்கள். 1931 பிப்ரவரி 15ஆம் தேதி வூச்சின் நகராட்சி அருங்காட்சியகத்தில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புகைபோக்கிகள் நிறைந்த ஒரு தொழிலாளர் ஊருக்குத்தான் அரூபக் கலை முதலில் வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

பிறகு நடந்தது துயரம். 1945 குளிர்காலத்தில் நோயுற்ற மகளுக்குச் சூடாக ஏதாவது சமைக்க வேண்டும், விறகில்லை. கோப்ரோ தன் மரச் சிற்பங்களை உடைத்து எரித்தார். ஸ்ட்ஷெமின்ஸ்கி, தான் உருவாக்க உதவிய கலைப் பள்ளியிலிருந்தே 1950இல் நீக்கப்பட்டார். அரசு விதித்த கலைக் கொள்கையான சோஷலிச யதார்த்தவாதத்தை ஏற்காததுதான் குற்றம். கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலை பார்த்து, வறுமையில் 1952இல் இறந்தார். இன்று அந்தக் கலைப் பள்ளிக்கு அவர் பெயர்தான்.

அதே பிப்ரவரி 15, சரியாக நாற்பது ஆண்டு கழித்து.

1970 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, அரசு உணவுப் பொருட்களின் விலையை ஏற்றியது. குதான்ஸ்க் உள்ளிட்ட கடலோர நகரங்களில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்சித் தலைவர் மாறினார்; புதிதாக வந்த கீரெக் தொழிலாளர்களைச் சந்தித்து உருக்கமாகப் பேசினார்; விலை மட்டும் இறங்கவில்லை. 1971 பிப்ரவரி 10ஆம் தேதி வூச்சில் தறிகள் நின்றன. முதலில் நின்ற ஆலைகளில் ஒன்று மார்க்லெவ்ஸ்கி, அதாவது இன்றைய மனுஃபக்தூரா. பரவிப் பரவி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், பெரும்பாலும் பெண்கள். 14ஆம் தேதி பிரதமர் யாரோஷேவிச்சே இங்கே ஓடி வந்து ஆலைக்குள் இரவில் அவர்களோடு பேசினார். குழந்தைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது, சம்பளத்தில் இறைச்சி எத்தனை நாளைக்கு வரும் என்று பெண்கள் அழுதும் கத்தியும் கேட்டார்கள். மறுநாள், பிப்ரவரி 15ஆம் தேதி, விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. துப்பாக்கிக்கு முன் நின்ற கப்பல் தொழிலாளர்களால் பெற முடியாததை நெசவாலைப் பெண்கள் ஐந்தே நாளில் பெற்றார்கள்.

என் அலுவலகத்து இளைஞர்களிடம் கேட்டுப் பார்த்தேன். குதான்ஸ்க் எல்லோருக்கும் தெரிகிறது. வூச்சில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பலருக்கு 1971 தெரியவில்லை. வாரந்தோறும் அவர்கள் காபி குடிக்கப் போகும் சதுக்கம்தான் அந்த இடம்.

கலையின் பிப்ரவரி 15ஐயும் தொழிலாளர்களின் பிப்ரவரி 15ஐயும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தருணமும் இந்த ஊர் வரலாற்றில் உண்டு. 1981 ஜூலையில் கடைகளில் உணவில்லை என்று பெண்கள் குழந்தைகளோடு ஊரின் முக்கிய வீதியான பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் பேரணி போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ரிஷார்த் வாஷ்கோ என்ற கலைஞரும் நண்பர்களும் உலகின் பல நாடுகளிலிருந்து கலைஞர்களை அழைத்து ஒரு தொழிற்சாலைக் கூடத்தில் கண்காட்சி நடத்தினார்கள். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா வந்தார், அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் பங்கேற்றார். அரசு நிறுவனம் எதுவும் முன்னின்று நடத்தவில்லை. சாலிடாரிட்டி தொழிற்சங்கம் துணை நின்றது. ஆலைகள் பொருளும் கருவியும் கொடுத்தன. தொழிலாளர்கள் கலைஞர்களோடு நின்று படைப்புகளைக் கட்ட உதவினார்கள். முடிந்ததும் கலைஞர்கள் படைப்புகளைத் தொழிற்சங்கத்துக்கே நன்கொடையாக விட்டுச் சென்றார்கள். டிசம்பர் 13ஆம் தேதி ராணுவச் சட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது. தொழிற்சாலையில் கலை என்று இன்று யார் பேசினாலும் நான் இந்தக் கண்காட்சியைத்தான் அளவுகோலாக வைக்கிறேன். அங்கே தொழிலாளியும் கலைஞரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்துக்குள் இருந்தார்கள். ஒருவர் வெளியேறிய பிறகுதான் மற்றவர் உள்ளே வர முடியும் என்ற நிலை இல்லை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் ராமிஷ் என்பவரின் பழைய பஞ்சாலை முற்றத்தில் முதலில் பெரிய புதுக் கட்டடங்கள் எழுப்பத்தான் திட்டமிருந்தது. பொருளாதார நெருக்கடி வந்து பணம் முடங்கியதால், சும்மா கிடக்கும் கூடங்களைக் குறைந்த வாடகைக்கு விட்டார்கள். உடை வடிவமைப்பாளர்கள், இசைக் கலைஞர்கள், சின்னச் சின்ன உணவகங்கள் வந்து சேர்ந்தன. ஊரின் மிக உயிரோட்டமான முற்றம் அப்படித்தான் பிறந்தது. 1907இல் தொடங்கிய மின் நிலையமான இசி1, பெரும் பொதுப்பணம் செலவழித்துக் கோளரங்கமாகவும் அறிவியல் மையமாகவும் மாறியிருக்கிறது. திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச் இந்த ஊரின் ஆலைகளில் மனதைப் பறிகொடுத்துப் படமெடுத்தவர். இசி1இல் ஒரு படப்பிடிப்பு நிலையம் அமைக்கும் திட்டத்திலும் இருந்தார். அது நடக்கவில்லை. அதற்காக நான் அதிகம் வருத்தப்படவில்லை. கொதிகலன்களையும் நிலக்கரி போகும் பாதையையும் அப்படியே வைத்து, மின்சாரம் எப்படி உண்டானது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்த இடம் என்ன வேலை செய்தது என்று அந்த இடமே சொல்வது நல்ல விஷயம்.

எங்கள் கட்டடத்தில் ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவர் இருக்கிறார். பதினேழு வயதில் நூற்பாலைக்குப் போனவர். தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கப் போனபோது என் மனைவி கோரா காட்டன் சேலை கட்டியிருந்தாள். அந்த அம்மாள் வணக்கம் சொன்ன கையோடு முந்தானை ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊடை எது, பாவு எது, எதில் நூல் மெல்லியது என்று சொல்லிவிட்டுத்தான் எங்களை உட்காரச் சொன்னார். கோவையில் என் பெரியப்பா துணியை இப்படித்தான் தொடுவார். நூலின் நம்பரை விரலே சொல்லும் என்பார்.

அவர் ஒரு சம்பவம் சொன்னார். எந்த இடம் என்று எழுத வேண்டியதில்லை. ஆலைக் காட்சி ஒன்றில் நூற்பு இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்களாம். கதிரில் நூலை மாட்டியிருந்த விதம் தவறு. அப்படி மாட்டினால் ஓட்டிய மறு நிமிடம் அறுந்துவிடும். அங்கிருந்த இளைஞரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மரியாதையாக நன்றி சொல்லி, தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் நிற்கும்படி கேட்டுக்கொண்டார். மாதங்கள் கழித்துப் பேத்தியோடு போனபோதும் நூல் அப்படியே தவறாகத்தான் இருந்ததாம். அந்த அம்மாளுக்கு அதில் ஆத்திரமெல்லாம் இல்லை. கேட்ட எனக்குத்தான் மனம் ஆறவில்லை. முப்பது வருடம் அந்த இயந்திரத்தோடு நின்றவர் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார். அது எப்படி ஓடும் என்று தெரியாதவர்கள் அதைக் காட்சிக்கு வைக்கிறார்கள்.

இந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. 1971இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சுவரை இன்னும் நூறு வருடம் கழித்தும் செப்பனிடலாம். அறுந்த இழையை ஓடும் கதிரிலேயே எப்படிப் பிணைப்பது என்பதை இவர்களிடம் இப்போதுதான் கேட்க முடியும். புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு ஆலையிலும் இவர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும் என்பது என் கட்சி. வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் இந்த ஊரில் ஏராளமாக இருக்கிறார்கள். கலைப் பள்ளியில் துணி வடிவமைப்புக்கென்றே துறை இருக்கிறது. அவர்களும் இந்தப் பெண்களும் ஒரு தறிக்கு முன்னால் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், படைப்பாற்றல் என்ற பேச்சுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

இதற்கு நெருங்கி வருகிற இடங்களும் ஊரில் இருக்கின்றன. பியோத்ர்கோவ்ஸ்கா தெருவின் தென்கோடியில் லுட்விக் கையரின் வெள்ளை ஆலை நிற்கிறது. ஊரின் முதல் நீராவி எந்திரம் 1839இல் ஓடியது அங்கேதான். 1960 முதல் அது மத்திய ஜவுளி அருங்காட்சியகம். ஆலைகள் மூடுவதற்கு முப்பது வருடம் முன்பே, ஊரின் மற்ற ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓர் ஆலையை நெசவுக்கான அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எழுபதுகளிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை உலக நெசவுக் கலைக்கான கண்காட்சியும் அங்கே நடக்கிறது. கிழக்கே, ஷைப்லரின் பகுதியான க்ஷென்ஷி ம்வினில், மாநகராட்சி தொழிலாளர் குடியிருப்புகளைச் செப்பனிட்டுச் சில இடங்களைக் கலைஞர்களின் பட்டறைகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. கற்கள் பாவிய சிறு தெரு, இருபுறமும் ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், முனையில் பள்ளிக்கூடம், எதிரே கோட்டை மாதிரி நூற்பாலை. அந்த நூற்பாலைக்குள் இப்போது வசதியானவர்களின் அடுக்குமாடி வீடுகள். அதன் எதிரே லைன் வீடுகளில் பழைய குடித்தனங்களும் புதிய பட்டறைகளும் இன்னும் சேர்ந்திருக்கின்றன. வாடகை ஏறினால் முதலில் போகப் போவது யார் என்பது தெரிந்ததுதான். அதை மாநகராட்சி விடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். சந்தைக்கு விட்டுவிட்டால் பத்து வருடத்தில் அங்கே பிரம்புக் கூடை வைத்த காபிக் கடைகள்தான் மிஞ்சும்.

வூச்சுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே மனுஃபக்தூராவுக்குப் போய், சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு வார்சாவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். நண்பர்கள் யாராவது வந்தால் நான் அவர்களைத் தலைகீழாக அழைத்துப் போவேன். முதலில் தெற்கே வெள்ளை ஆலை. பிறகு க்ஷென்ஷி ம்வினில் பட்டறைக் கதவு எது திறந்திருந்தாலும் உள்ளே போய் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அங்கிருந்து இசி1. பிறகு பியோத்ர்கோவ்ஸ்கா வழியாக வடக்கே நடந்து, ஒக்ரோதோவா தெருவில் முதலில் லைன் வீடுகள் இருக்கும் பக்கத்து நடைபாதையில் போய்விட்டு, அப்புறம்தான் சாலையைக் கடந்து வளைவு வாசலுக்குள் நுழைய வேண்டும். எம்எஸ்2க்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மாலையில் பூட்டிவிடுவார்களோ என்று அவசரப்படாமல் இருக்க, மதியச் சாப்பாட்டை க்ஷென்ஷி ம்வின் பக்கமே முடித்துக்கொள்வது நல்லது.